ஆறு மணி இருமல்

நீஷ் நகரில், லிஃப்ட் பாதி நாள் ஓடாத
எட்டு மாடிக் கட்டடம் எங்களுடையது.
எனக்கு நேர்மேலே த்ராகுதின் வீடு.
காலை ஆறுக்கு இருமுவார்.
நான் அலாரம் வைத்ததே இல்லை.
முதலில் ஒரு செருமல்,
பிறகு தகர டப்பாவில் ஜல்லி உருளும் சத்தம்,
ஸ்டமென்காவின் அதட்டல்,
ஜன்னல், தீக்குச்சி.
நான் எழுந்து காப்பி வைப்பேன்.
என் முதல் சிகரெட்டும் அப்போதுதான்.

புகையிலை ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர்.
மாதாமாதம் சம்பளத்தோடு இலவசப் பெட்டிகள்.
"மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கூலி கொடுத்தார்கள்"
என்று சிரிப்பார்.
சிரிப்பும் இருமலில்தான் போய் முடியும்.

எழுபத்து நாலு முடிந்த மறுநாள்
புகை விட்டவர் புகையை விட்டார்.
ஒருவரும் நம்பவில்லை;
இருமல் கூடியிருந்தது.
"உள்ளே பெருக்குகிறார்கள்," என்றார் படியில் நின்று.
"ஐம்பத்தெட்டு வருஷக் குப்பை."

"இனிமேல் விட்டு என்ன லாபம்?"
எனக்குக் கீழ்வீட்டு மிலுதின் கேட்டான்.
"அடுத்த ஸ்டாப்பில் இறங்கவேண்டியவன்தான்.
பஸ்ஸில் இடம் கிடைத்தால்
உட்கார மாட்டேனா?"

அக்டோபரில் ஒரு வியாழன்
கண் விழித்தபோது எட்டேகால்.
மேலே சத்தமே இல்லை.

வெறுங்காலோடு ஓடினேன்.
பதினெட்டே படி.
பன்னிரண்டாவதில் கம்பியைப் பிடித்து நின்றேன்,
எனக்கு வயது நாற்பத்தொன்று.

கதவைத் திறந்தார்.
கையில் சீமை மாதுளை ஒன்று,
மஞ்சளாய், மேலே பூனைமயிர் படர்ந்து.
"வருஷா வருஷம் அலமாரி மேல் அடுக்குகிறாள்.
அழகுக்கு என்றே நினைத்திருந்தேன்.
மணக்கிறது, யஸ்னா! அறை முழுக்க மணக்கிறது!"
"மூக்கு வந்ததும் போதும்," உள்ளிருந்து ஸ்டமென்கா,
"சூப்பில் உப்பு ஜாஸ்தியாம் துரைக்கு."

பிறகு அவர் மூக்கு
என் ஸ்வெட்டர் பக்கம் திரும்பியது.
ஒன்றும் சொல்லவில்லை.
பழத்தை என் கையில் வைத்தார்.

அன்று அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கினேன்.
பழம் என் அலமாரி மேல்.
நாற்காலி போட்டு ஏறி
தினமும் முகர்ந்து பார்க்கிறேன்:
நேற்றுவரை வெறும் பழம்.
இன்று ஒன்பதாம் நாள்,
ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது,
இல்லாத மாதிரியும்.

அலாரம் அடிக்குமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது.
இருமுகிறேன்,
சரியாக ஆறு மணிக்கு.
கீழே
மிலுதின் வீட்டில் விளக்கு எரிகிறது.