நூற்றுப் பத்தாவது நிமிடம்

தாலினில் டிசம்பர் என்றால் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
அதற்குப் பிறகு எது மாலை, எது நள்ளிரவு என்று
ஜன்னல் சொல்லாது.
அதனால்தான் அந்த மென்பொருளை வாங்கினேன் என்று
ஊர்வேயிடம் சொன்னேன்.
பொய்.
நவம்பரில் ஒரே ராத்திரியில் அறுநூற்று நாற்பது யூரோ போயிற்று.

பதினான்கு மாதம், நானூற்றுப் பன்னிரண்டு அமர்வுகள்.
ஒவ்வொரு கையையும் விழுங்கி வைத்திருந்தது அது:
ராணி ஜோடியைப் பயந்துபோய்க் கவிழ்த்தது,
ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு
இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளியது,
நான் மறந்தது, மறந்ததாகச் சொல்லிக்கொண்டது.
என் பல் மருத்துவருக்குக்கூட
என்னைப் பற்றி இவ்வளவு தெரியாது.

ஒரு பொத்தானை அழுத்தினால்
அமர்வின் நீளப்படி பிரித்துக் காட்டும்.
அரை மணி, பச்சை.
ஒரு மணி, பச்சை.
ஒன்றே முக்கால், வெளிறிய பச்சை,
செப்டம்பர் பிர்ச் இலை மாதிரி.
நூற்றுப் பத்து நிமிடம் தாண்டியதும் சிவப்பு.
நான்கு மணி நேரத்துக்கு மேல்
ஹெல்சிங்கி கப்பல் நங்கூரம் இறக்குவதுபோல்
கோடு நேராகக் கீழே போகிறது.

சரி, விடை கிடைத்துவிட்டது.
சமையலறையிலிருந்து தக்காளி வடிவக் கடிகாரத்தை எடுத்து வந்தேன்.
அது அறுபதுக்கு மேல் எண்ணாது.
ஒரு தரம் அறுபது, மறு தரம் ஐம்பது என்று
முறுக்கிவிட வேண்டும்.
மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும்.

ஊர்வே துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்ப்பவள்,
எந்த எண்ணையும் பெட்டியைத் திறந்து பார்க்காமல் நம்பமாட்டாள்.
கோட்டை வெகுநேரம் பார்த்தாள்.
"ஜெயித்தால் எப்போது எழுந்திருப்பாய்?"
"உடனே. கிடைத்தது போதும் என்று."
"தோற்றால்?"
கெட்டில் கொதித்து, தானாகவே அணைந்தது.
"அப்படியென்றால் நீளமான ராத்திரிகள் உன்னைத் தோற்கடிக்கவில்லை, மாரிகா.
தோற்ற ராத்திரிகளை நீதான் நீட்டியிருக்கிறாய்."

மென்பொருள் இதைச் சொல்லவில்லை.
அது நேரத்தை அளந்தது.
நேரத்தைப் பிடித்து இழுத்தது யாரென்று
அதற்கு எப்படித் தெரியும்.
விட்டதைப் பிடிக்கிறேன், விட்டதைப் பிடிக்கிறேன் என்று
விட்ட இடத்திலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தவளின்
முதுகெலும்புதான் அந்தக் கோடு.

அவள் போனபின் வேறு மாதிரி பிரித்துப் பார்த்தேன்.
கடிகாரத்தை விட்டுவிட்டு,
ஒவ்வொரு அமர்விலும் முதல் முப்பது யூரோ
போன கணத்துக்கு முன், பின் என்று.
முன்னால் ஆடுகிறவளை எனக்குப் பிடித்திருக்கிறது.
பத்துக் கையில் எட்டை அலட்டாமல் கவிழ்த்துவிட்டுத்
தேநீர் குடிக்கிறாள்.
பின்னால் ஆடுகிறவளோடு எனக்கு அறிமுகமே இல்லை.
பத்தில் ஆறை ஆடுகிறாள்.
எதிரில் இருப்பவன் யார், எந்த ஊர், என்ன பழக்கம்,
எதையும் பார்ப்பதில்லை.
யாரோ தன் பாக்கியைத் தராமல் ஓடுவதுபோல் துரத்துகிறாள்.
அவளுக்கேற்ற அமர்வின் நீளம்
பூஜ்யம்.

வியாழக்கிழமை,
முப்பது யூரோ பன்னிரண்டாவது நிமிடத்திலேயே போனது.
அதுவும் நான் சரியாக ஆடிய கையில்.
மேசைகளை ஒவ்வொன்றாக மூடினேன்.
தக்காளிக்கு இன்னும் நாற்பத்தெட்டு பாக்கி,
டிக் டிக் என்று தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.
மூன்றாம் மாடி ஊலோ
காரைப் பனியிலிருந்து தோண்டிக்கொண்டிருந்தார்.
இன்னொரு மண்வெட்டி இருந்தது.
கொஞ்ச தூரம் தோண்டிய பிறகுதான்
அது அவர் கார் இல்லை என்று தெரிந்தது.

மேலே வந்து மென்பொருளைத் திறந்தேன்,
ஆடுவதற்கல்ல, சும்மா.
பன்னிரண்டு நிமிடம், கழித்தல் முப்பது.
குறுகிய அமர்வுகளின் பச்சையில்
முதல் முறையாக ஒரு சிவப்புப் புள்ளி.
இப்படியே போனால் அந்தப் பட்டை முழுவதும் சிவந்துவிடும்,
கோட்டைப் பார்க்கிறவர்கள்
அரை மணி எனக்கு ஆகாது என்பார்கள்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை
ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது எங்கும் பதிவாகவில்லை.