ஓடைக்கரை விளக்கு

பெகுவுக்குக் கிழக்கே, ஓடைக்கரைச் சாலையில்
ஆனி மாசம் நட்டார்கள் சோலார் விளக்கை.
அன்றைக்கு லாப்பே ஒரு தட்டு, நாலு கைதட்டல்.
வரவேட்டில் நான்தான் எழுதினேன்.

கார்த்திகைக் கடைசியில் வெள்ளைக்கண்ணு
செருப்பைக் கழற்றாமல் அலுவலகத்துக்குள் வந்தான்.
"ராத்திரியே பார்க்காத பயிர்
எப்படிக் கதிர் தள்ளும், கிளார்க்கு?"

போய்ப் பார்த்தேன்.
வயல் முழுக்கப் பழுத்துச் சாய்ந்திருக்க
கம்பத்தடியில் மட்டும்
கயிறு பிடித்து வரைந்ததுபோல் அரைவட்டப் பச்சை.
ஆறு கூடை நெல் விளையும் இடம்.

பிடுங்கிவிடலாம் என்றார் தலைவர் ஊ தெய்ன் மாங்,
நடும்போதும் இப்படித்தான் தலையாட்டினார்.
மருத்துவச்சி மா கின் ஏ எழுந்தாள்:
"போன மழையில் கண்ணாடி விரியன்
யாரைக் கடித்தது, எந்த இடத்தில்?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
வெள்ளைக்கண்ணுவின் கொழுந்தியாள் அவள்.
அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாய அவனே ஏணியோடு வந்தான்.
எண்ணெய் டின்னை நெடுக்கே பிளந்து
வயல் பக்கம் மறைத்துக் கட்டினான்.
சாலையில் வெளிச்சம் கிடந்தது.
நெல்லுக்கு இருட்டியது.
இந்த வருஷத்து ஆறு கூடை போனது போனதுதான்,
இழப்பீட்டுக்குப் படிவம் கிடையாது.

விளக்குக்கு உண்டு. மாதாமாதம் டவுன்ஷிப்புக்குப் போகும்.
அதில் இரண்டே கட்டம்:
எரிகிறது. எரியவில்லை.
நடுக்கோட்டின் மேல் பேனா கொஞ்சம் நின்றது.
மை ஊறிப் பரவிவிட்டது.
அப்படியே அனுப்பினேன்.