பத்து கிலோவுக்குக் கீழே

செம்பனை ஆலையின் எடைமேடையில்
லோரிகள் வராத மதிய நேரம்.
பழைய எடைச்சீட்டின் பின்பக்கம்
கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
கையில் நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளி,
ஆறு நாள் லீவு,
பகாவிலிருந்து தண்டவாளம் முடிகிற தும்பாட் வரை
போய்த் திரும்ப.

முதலில் விமானம்.
எழுபத்தொன்பது வெள்ளி என்று
கைப்பேசி மினுக்குகிறது.
பையை ஏற்ற ஒரு காசு,
ஜன்னலோரம் உட்கார ஒரு காசு,
சிரம்பானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று.
பறக்க ஒரு மணி நேரம்,
பறக்கிற இடத்துக்குப் போக அரை நாள்.
கோடு போட்டு அடித்தேன்.

கோலாலம்பூர் போய் மாறினால்
எக்ஸ்பிரஸ் பஸ் மலிவுதான்.
ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு
கோத்தா பாருவில் இறக்கிவிட்டுவிடும்.
அந்த நேரத்தில் தனியாக நிற்கிற ஒருத்திக்கு
டாக்சிக்காரன் சொல்வதுதான் விலை.

தம்பி லோகேந்திரனின் மோட்டார் இருக்கிறது.
பெட்ரோல் மட்டும்தான் செலவு என்கிறான்.
அவன் சொல்லாமல் விட்டது:
செயின் கழலும்,
பின்விளக்கு நினைத்தால் எரியும்,
ரோட் டேக்ஸ் தீபாவளியோடு முடிந்துவிட்டது.

குணவதி வந்திருந்தால்
அறைவாடகையை இரண்டால் வகுத்திருப்பேன்.
கையுறை ஆலையில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.
"அடுத்த வருசம் பாப்போம்டி" என்றாள்,
போன வருசமும் சொன்னதுபோல.
வகுத்தல் குறியை அழித்தேன்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.

மிச்சம் ரயில்.
ராத்திரியில் பகாவ் ஸ்டேஷனில் நிற்கும்.
நிற்கும் என்றால்,
மூச்சு வாங்குகிற நேரம்.
பிறகு காட்டுக்குள் நுழைந்து
குவாலா லிப்பிஸ், குவா முசாங் என்று
ஒவ்வோர் ஊராய் எழுப்பிக்கொண்டு போகும்.
மெதுவான வண்டி.
மெதுவாய்ப் போவதால்தான் நமக்குக் கட்டுப்படியாகிறது.
உட்கார்ந்தே தூங்கிவிட்டால்
ஒரு ராத்திரி அறைவாடகையும் மிச்சம்.
போக வர எழுபத்தெட்டு.
எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

குலை தள்ளுகிற ரபீக்
தண்ணீர் குடிக்க வந்தவன், சீட்டை எட்டிப் பார்த்து
"அங்கே என்ன வேலை?" என்று மலாயில் கேட்டான்.
சாஜா, சும்மாதான், என்றேன்.
அந்தச் சொல்லை
வாயில் போட்டு மென்று பார்த்தான்.
"நான் இங்கே வந்ததுக்கு
இரண்டு வருசச் சம்பளம். இன்னும் கட்டுகிறேன்.
ஜன்னல்கூடக் கிடைக்கவில்லை."
சிரித்தபடிதான் சொன்னான்.
என் எழுபத்தெட்டை விரலால் தட்டி
"மூரா" என்றான், மலிவு.
எனக்குப் பேனாவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
வாசல்வரை போனவன் திரும்பி,
ரயிலில் ஏசி நேரே தலையில் விழும்,
துண்டு எடுத்துக்கொள், என்றான்.

வியாழக்கிழமை, ஐந்து மணிக்குப் பிறகு
பையைக் கொண்டுவந்து
எடைமேடை நடுவில் வைத்தேன்.
இரண்டு சட்டை, அந்தத் துண்டு,
மைலோ பாக்கெட், பிஸ்கட் டின்.
பதினாறு டன் லோரியைத் தாங்குகிற இரும்பு.
அறைக்குள் ஓடிவந்து திரையைப் பார்த்தால்
பூஜ்யம்.
எனக்குத் தெரிந்ததுதான்.
பத்து பத்துக் கிலோவாய்த்தான் இது எண்ணும்,
அதற்குக் கீழே எதுவும்
ஆலைக்குக் கணக்கில் இல்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
நானும் ஏறி நின்றேன்.
உள்ளே எண் மாறியிருக்கும்.
படிக்க ஆளில்லை.

பின்னால் ஹார்ன்.
கடைசி லோரி, மாணிக்கராஜு.
"இறங்கு பிள்ளே, பழம் வாடுது!"
நிறுத்து, சீட்டு எழுதி, கையெழுத்து வாங்கினேன்.
பையைப் பார்த்தார்.
எங்கே என்று கேட்கவில்லை, எப்போது என்றார்.
"நாளைக்கு ராத்திரி ஸ்டேஷன் வழியாத்தான் வீட்டுக்குப் போறேன்.
ஏறிக்கோ."
எவ்வளவு, என்றேன், வாய்ப்பழக்கம்.
"வர்றப்போ கருவாடு. நல்லதா ஒரு கிலோ."

லோரி போன பிறகு
எழுபத்தெட்டின் கீழே இடம் தேடி
கருவாடு என்று எழுதினேன்.
தும்பாட்டில் என்ன விலையோ.