ஞாயிறும் வேலையோ

காஸ் முடிந்து ஒன்பதாம் நாள்
மூன்று பேரும் காசு போட்டு வாங்கினோம்:
கறுப்புக் கண்ணாடி, ஒரு வயர், ஆறு பொத்தான்.
என் பங்கு நாலு நாள் சம்பளம்.

பழைய அலுமினியச் சட்டியை வைத்ததும்
பீப் என்றது.
மூவரும் அப்படியே உறைந்து நின்றோம்,
காலடியில் இருப்பது குசினிச் சீமெந்து
என்பதையே மறந்து.
பிறகுதான் சிரித்தோம்.

பகல் முழுக்க எங்களுக்கு
ஒரு வட்டின் பின்னால் நடக்கிற வேலை.
ஒரு மீற்றர் அகலம், வெள்ளைத் தடி, சிவப்புத் தடி.
மண்ணுக்குள் உலோகம் கிடந்தால்
அதற்குள் ஒரு சின்ன மின்சாரம் சுழலும்;
வட்டு அதைக் கேட்டுக் கத்தும்.
கத்தினால் முழங்காலில் இரு.
பக்கவாட்டில் சுரண்டு.
மதியத்துக்குள் ஒரு சாண் மண்,
சில நேரம் ஒரு சோடா மூடி.

அதே செம்புச் சுருள்தான்
இந்தக் கண்ணாடிக்குக் கீழே
நத்தையோடு மாதிரி மல்லாந்து கிடக்கிறது.
நெருப்பில்லை.
சட்டியின் அடியில் மின்சாரம் சுழன்று சுழன்று
சட்டி தானே காய்கிறது.
"எங்கட சுப்பவைசர் மாதிரி" என்றாள் தர்மினி,
"ஒருத்தரும் மூட்டத் தேவையில்லை."

அங்கே அலுமினியத் துண்டுக்கும் அலறுகிற சுருள்
இங்கே அலுமினியத்தைச் சட்டியாகவே மதிக்காது.
மண்சட்டி, பித்தளைச் செம்பு எல்லாம் தள்ளி.
காந்தம் பிடிக்கிற அடி வேண்டுமாம்.

ஞாயிறு, மாங்குளம் சந்தி.
உடைந்த றேடியோவின் ஸ்பீக்கர்க் காந்தத்தோடு போய்
நவரெத்தினத்தாரின் கடையில் ஒவ்வொன்றாய்க் கவிழ்த்தோம்.
பளபளத்த சில்வர் நழுவவிட்டது.
"சீதனச் சட்டி, பிள்ளை" என்று அவர் புகழ்ந்ததும்
நழுவவிட்டது.
மூலையில் தூசி மண்டிய தோசைக்கல்
டக்கென்று பிடித்தது.
இரண்டு கையாலும் இழுத்துத்தான் எடுத்தோம்.
தடித்த அடிச் சட்டி ஒன்றும் பிடித்தது.
மேசையில் வைத்து ஆட்டிப் பார்த்தாள் அமலவதி:
தட்டை, ஆட்டமில்லை.
சுருளின் அகலத்துக்குச் சரியாக இருந்தது.
"ஞாயிறும் வேலையோ?" என்று கேட்டவர்
முந்நூறு ரூபாதான் குறைத்தார்.

இரவு பருப்பு கொதித்தது.
உப்புப் பார்க்கச் சட்டியைத் தூக்கினாள் அமலவதி.
பீப்.
அங்கே கத்தினால் ஏதோ இருக்கிறது.
இங்கே கத்தினால் ஒன்றும் இல்லை.
காதுக்கு இது பழக இன்னும் நாள் எடுக்கும்.
"வை, வை" என்றேன்.
வைத்தாள்.
பருப்பு அரைவேக்காட்டில் கரண்ட் போனது.

இருட்டில் சட்டியை நகர்த்தி
கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தேன்.
சட்டி இருந்த இடத்தில் மட்டும்
கொஞ்சம் சூடு.