உண்டு

அண்டி ஆபீஸ் கேட்டில்
பூட்டுக்கு மேல் ஒரு பூட்டு.
கீழே இருப்பது முதலாளி பூட்டு, துருப்பிடித்தது.
மேலே பேங்க்காரன் போட்டது.
அது இன்னும் பளபளக்கிறது, அதனால்தான் பயம்.

எட்டு மாதமாய் எல்லா வாசலிலும் ஒரே கேள்வி:
வேலை உண்டுமா?
திங்கள்நகர் துணிக்கடையில் வயது கேட்டான்.
கருங்கல் பேக்கரியில் விரலைப் பார்த்தான்.
பத்தொன்பது வருஷம் அண்டி தல்லிய விரல்,
எண்ணெய் தின்று கறுத்தது,
சோப்புக்கும் நாரங்காய்க்கும் போகாது.
"இந்தக் கையால பன்னு எடுத்துக் குடுத்தா
யாரு வாங்குவா, அக்கா?"
நியாயமாகத்தான் கேட்டான்.
அதுதான் தாங்கவில்லை.

குழுத் தவணை செவ்வாய்தோறும் வாசலில் நிற்கும்.
அஜிஷாவின் நர்சிங் காலேஜிலிருந்து
ஒரு மெசேஜ், அதற்கு மேல் இன்னொன்று.
பாலாவுக்கு ரப்பர் வெட்டப் போனவர்
போனில் மழை என்கிறார்.
இங்கேயும் மழைதான்.
மழைக்கு அந்தப் பக்கம் என்னவென்று
அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

ஒரு ராத்திரி
மரச்சீனி அவித்த தண்ணியை வடிக்கையில்
"அய்யா, நீரு உண்டுமா?" என்றேன்.
சத்தமாகத்தான் கேட்டேன்.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
அதைப் பதிலென்று எடுத்துக்கொள்ள
அன்றைக்கு என்னிடம் நம்பிக்கையுமில்லை,
சிரிப்புமில்லை.

ஐந்து ஞாயிறு தாங்கலுக்குப் போகவில்லை.
ஆறாவது ஞாயிறு போனது,
மறைக்காமல் சொல்கிறேன், சோற்றுக்கு.
உச்சிப்படிப்பு முடிந்ததும் உம்பான் விளம்புவார்கள்.
கும்பிட்டுவிட்டுத் தின்பதுதான் மரியாதை.
வரிசையில் நின்றேன்.

எங்கள் தாங்கலில் சிலை கிடையாது.
இரண்டு விளக்கு, நடுவில் கண்ணாடி.
வந்தவர்களுக்கு அவரவர் முகம்;
உள்ளே இருக்கிறவரைப் பார் என்று அர்த்தம்.
பார்த்தேன்.
கழுத்தெலும்பு துருத்திய ஒருத்தி.
மூக்குத்தி அடகில்,
துவாரத்தில் ஈர்க்குச்சித் துண்டு.
இவளுக்குள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.
இருந்தாலும் அவரும் பட்டினியாகத்தான் இருப்பார்.

திரும்பப் போனேன், அப்போதுதான்
கண்ணாடியில் என் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம்.
சுயம்புக்கனி.
ஆபீசில் எனக்கு எதிர்ப்பலகை.
ஒரு கிலோ பருப்பு எடை குறைந்த வழக்கில்
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
கைகளைக் குவித்திருந்தாள்.
அதே கறுப்பு, நகத்தடி வரைக்கும்,
என் கையைக் கழற்றி
யாரோ அவளுக்கு மாட்டிவிட்டதுபோல.

அவள் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது,
நான் மறைத்து நின்றேன்.
ஆகவே என்னைப் பார்த்துத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்,
உதடு நடுங்க, வேறு வழியில்லாமல்.

விலகியிருக்கலாம். கால் நகரவில்லை.
எட்டு மாதமாய் எந்த வாசலும் வேண்டாத முகம்
ஒருத்தியின் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு
விளக்கு வெளிச்சத்தில் நின்றது.
உள்ளே யாருமில்லையென்றால்
அதை வாங்கியது யார்?

கிண்ணத்தில் திருமண் இருந்தது.
கறுத்த விரலால் தொட்டேன்.
கறுப்பில் வெள்ளை நன்றாகவே ஒட்டியது.

பந்தியில் வேறு இடமில்லாமல்
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
"அய்யா உண்டு" என்றாள், இலையைப் பார்த்தபடி.
எங்களில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வதுதான்.
பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்வதுபோல
நானும் ஆயிரம் தடவை சொன்னதுதான்.
அன்றைக்கு மட்டும் அது
மரச்சீனித் தண்ணியோடு நான் கேட்டதற்கு
நாற்பது நாள் நடந்து வந்த பதிலாக இருந்தது.
அதுவும் இந்தப் பிணக்குக்காரி வாயில் ஏறி.

"வேலை உண்டுமா ஒனக்கு?"
"இல்ல. ஒனக்கு?"
"இல்ல."
அவ்வளவுதான் பேசினோம்.
மழை ஓட்டில் பேசிக்கொண்டிருந்தது.

வாளிக்காரன் எங்களைத் தாண்டிப் போகையில்
அவள் கூப்பிட்டுக் கேட்டாள்:
"இன்னும் உண்டுமா?"
வாளியின் அடியைக் கரண்டி சுரண்டியது.
"உண்டு" என்றான்.
அவள் கறுத்த விரலால்
என் இலையைக் காட்டினாள்.