மாதிரி பதினேழு

மூட்டைக்குள் வந்தது மணல் இல்லை.
அவிழ்த்துக் கவிழ்த்தபோது
சிப்காட்டின் தகரக் கொட்டகை அதிர
கட்டி கட்டியாய் விழுந்தது.

தெற்கே கடலோரம் வெட்டியது என்கிறது துண்டுச்சீட்டு.
ராணிப்பேட்டைக்கு ஏது கடல்?
எங்களிடம் இருப்பது
ஒரு நொறுக்கி, ஒரு தேய்ப்புத் தொட்டி, ஒரு காந்த உருளை,
மூன்று மாதச் சம்பளப் பாக்கி.

யாகூப் முதலில் நொறுக்கியில் போட்டான்.
உடைய வேண்டியது மணிகளைப் பிடித்திருந்த செம்புரை.
உடைந்தது சிர்க்கான்.
தூளைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போயிற்று,
வெற்றிலை எச்சில் நிறத்தில்.

சரி என்று இடைவெளியை அகட்டினோம்.
கட்டி கட்டியாகவே வந்து சேர்ந்தது,
ஒரு கீறலும் இல்லாமல்,
கல்யாணத்துக்கு வந்துபோன பெரிய மனிதர் மாதிரி.

காந்தத்தைக் கேட்டால் அது வேறு கதை.
சிர்க்கானைக் காந்தம் இழுக்காது என்று படித்து
பரீட்சையும் எழுதியிருக்கிறேன்.
இது துருவைப் போர்த்திக்கொண்டு
இல்மனைட்டின் தோளில் கைபோட்டு
அந்தப் பக்கமே போய்விடுகிறது.

"ஆசிட் ஊத்தும்மா, அரை மணி நேர வேலை"
என்றார் முதலாளி போனில்.
அரை மணிதான்.
சுவருக்கு அப்பால் ஓடை.
ஓடைக்கு அப்பால், நாங்கள் ஆறு என்று சொல்லிக்கொள்ளும் பாலாறு.
என் நாத்தனார் வீட்டில் கிணற்றுக்குப் பலகை போட்டு
அதன்மேல் வாஷிங் மெஷின் வைத்திருக்கிறார்கள்.
நான் ஊற்றவில்லை.
தியாகம் என்று நினைக்க வேண்டாம்,
கேன் காலியாக இருந்தது.
வாங்கிவரச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

ராத்திரி தொட்டியில் தண்ணீரைக் குறைத்தோம்,
களிக்கு மாவு பிடிக்கிற பதம்.
மேல் இறக்கை கீழே தள்ளும்,
கீழ் இறக்கை மேலே தள்ளும்,
நடுவில் மாட்டிய மணிகள்
ஒன்றையொன்று உரசித் தோல் உரியும்.
மோட்டார் இரண்டுமுறை நின்றது.
கரண்ட் ஒருமுறை.
யாகூப் அட்டையால் மோட்டாருக்கு விசிறினான், பிறகு எனக்கு.

நாலரைக்கு நுண்ணோக்கியில் ஒரு மணி:
தேன் துளி நிறம்,
விரிசலில் மட்டும் ஒரு மயிரிழை துரு.
அது போகாது.
போகாததையும் சேர்த்துத்தான் கணக்கு.

கேட்டிருந்தது 85.
வந்தது 58.
"திருப்பிப் போட்டா முடிஞ்சது, மேடம்," என்றான் யாகூப்.
சிரித்தோம், கொஞ்சம் அதிக நேரம்.
அவன் டீ வாங்கப் போனதும்
அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில்
காசோலையில் எழுதுவதுபோல்
எழுத்தாலும் எழுதினேன்:
ஐம்பத்தெட்டு மட்டும்.