கண் உருளும் சத்தம்

கோகிலம்பாள் படையாச்சி, நாற்பத்தொன்பது,
சாட்ஸ்வர்த், யூனிட் ஏழு. வலக் காது.
டாக்டர் எழுதியனுப்பியது ஒரே வரி:
கண்ணைத் திருப்பினால் சத்தம் கேட்கிறதாம்.
கடைசியில் ஒரு கேள்விக்குறி,
தூண்டில் முள் போல.

மேசையில் படுத்தபடியே சொன்னாள்:
"ஈரத் துணி பிழியற மாதிரிம்மா.
இந்தப் பக்கம் பார்த்தா ஒரு பிழி, அந்தப் பக்கம் பார்த்தா ஒரு பிழி.
மொபேனி ஃபாக்டரியில நாற்பது தையல் மிஷின் ஓடுது,
அதுக்கு மேல இது கேட்குது.
கேரட்டைக் கடிச்சா மண்டைக்குள்ள எவனோ விறகு பிளக்கிறான்.
கோயில்ல விபூதி போட்டாங்க.
கிளினிக்ல தூக்க மாத்திரை.
தூங்கும்போதும் கண் உருளுமே, அது அவங்களுக்குத் தெரியாதா?"

அசையாதீங்க, என்றேன்.
"கண்ணையுமா?"

பதினோரு விநாடி.
டர்பன் கடலோரத்தில் ஷாட் மீன் அறுக்கிறவனும்
இத்தனை சன்னமாய் அறுத்ததில்லை;
அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர்,
சொட்டு ரத்தமில்லை,
திரும்ப ஒட்டியும் கொடுத்துவிட்டது எந்திரம்.

திரையில் மிதக்கிறது எலும்பு.
பாறை என்றே இதற்குப் பெயர்.
உள்ளே ஒரு நத்தை, மூன்று வளையம்,
நொய்யரிசியளவு அங்கவடி,
குதிரையைக் காணோம்.
சுழற்றுகிறேன்.
மேல் வளையத்தின் கூரையில் ஓர் ஓட்டை.
அதோ, என்கிறாள் நொம்வூலா.

எனக்கு இந்தப் படத்தைத் தெரியும். பொய் சொல்லும்.
இவ்வளவு வெண்மைக்கு மேல்தான் எலும்பு என்று
நான்தான் ஓர் எண் கொடுக்கிறேன்.
எண்ணைக் கூட்டினால் மெலிந்த கூரையெல்லாம் பொத்தல்,
குறைத்தால் பொத்தலெல்லாம் கூரை.
நூற்றைம்பதில் கோகிலம்பாளுக்கு ஒன்றுமில்லை.
நானூறில் இருக்கிறது.
நடுவே மவுஸ் சக்கரத்தில் என் விரல்.

அழகான படத்தை மூடினேன்.
சாம்பல் நிறத் தட்டைப் படங்களுக்குப் போனேன்,
வளையம் சாய்ந்த சாய்விலேயே சாய்த்து
ஒவ்வொன்றாக.
மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் இருமியது.
மறுபடி முதலிலிருந்து.
முப்பத்தேழாவதில்
வெள்ளைக் கோடு ஓடிவந்து நின்றது.
ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி
மீண்டும் தொடங்கியது.
இடையில் ஒன்றுமில்லை,
எந்த எண்ணிலும்.

வெளியே பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.
முடிவை நான் சொல்லக் கூடாது,
டாக்டர்தான் சொல்ல வேண்டும், அது விதி.
பக்கவாட்டில் கூப்பிடாமல்
சுற்றிக்கொண்டு போய்
அவளுக்கு நேர் எதிரே நின்றேன்.
கண்ணைத் திறந்தால் மட்டும் போதும்,
திருப்ப வேண்டாம்.